காதுக்குப் பின்னால் ஒரு வில்லை

அடையாறு ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தாவில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டில்லிபாபு தன் அம்மாவின் இடது காதுத் துளையில் வாயை வைத்து, "அடுத்து நம்ம நம்பருதாம்மா" என்று கத்தினான். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கெங்கம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை. காதுக்குள் டீ வாசத்தோடு சூடாகக் காற்று அடித்தது, அவ்வளவுதான்.

"அந்த ஓட்டைல இல்லடா, நைனா. பின்னாடி பேசு, பின்னாடி. எத்தினி மாசமா சொல்லிக்கினு கீறேன்" என்று தலையைத் திருப்பி, காதுக்குப் பின்னால் முடிக்குள் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு வில்லையைத் தொட்டுக் காட்டினாள். அவன் சரி சரியென்று தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு மறுபடியும் அதே துளையில் வாயை வைத்தான்.

காது என்றால் ஓட்டை வழியாகத்தான் கேட்கும் என்பது ஊர் உலகத்தின் முடிவு. அதை மாற்றக் கெங்கம்மாவால் ஆகவில்லை. மகன்தான் இப்படி என்றால் மருமகள் முத்துமாரி, நொச்சிக்குப்பம் மார்க்கெட்டில் பக்கத்துக் கடை பாஞ்சாலி, மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சங்கரா மீனை நாலு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வாடிக்கைக்காரர்கள், எல்லோரும் அந்த உதவாத ஓட்டைக்குள்தான் கத்தினார்கள். செல்போனைக்கூட அங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். பிடுங்கிப் பின்னால் வைத்துக்கொண்டால், பாவம், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புத்தி கொஞ்சம் பேதலித்துவிட்டது போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்கள்.

அந்த ஓட்டையின் கதை பெரியது. சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ். வலது காது முப்பது வயதிலேயே அடியோடு செத்துப்போனது. இடது காதில் சவ்வும் போய், அதற்குள் இருந்த குட்டி எலும்புகளும் அரித்துப்போய், உள்காது மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. காதுக்குள் செருகுகிற மெஷினை மூன்று தடவை வாங்கிப் பார்த்தாயிற்று. மீன் கடையில் ஐஸ் தண்ணீரும் வியர்வையுமாக உட்கார்ந்திருப்பவள் காதை ஒரு ரப்பர் மூடியால் அடைத்தால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் சீழ் வந்தது. மூன்றும் பீரோவுக்குள் போயின.

அப்போதுதான் கல்யாணராமன் டாக்டர், ஓட்டையை மறந்துவிடுவோம், சத்தத்தை வேறு வழியில் கொண்டுபோவோம் என்றார். ஓர் அறக்கட்டளையின் தயவில் பத்து மாதத்துக்கு முன் அறுவை சிகிச்சை நடந்தது. காது பரிசோதிக்கிற மாளவிகா ஒரு படம் வரைந்து, கெங்கம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கும் வேகத்துக்குப் பெரிய எழுத்தாக எழுதியும் காட்டி விளக்கினாள். வெளியே இருக்கிற வில்லையில் மைக் இருக்கிறது. அது காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொண்டு, பிடித்த சத்தத்தைத் தோலைத் தாண்டி உள்ளே பதித்திருக்கும் சுருளுக்கு அனுப்பும். அங்கிருந்து ஒரு கம்பி. கம்பியின் நுனியில் அரிசி அளவு ஒரு துணுக்கு. சத்தத்துக்குத் தக்கபடி அந்தத் துணுக்கு அதிரும். சிலருக்கு அதைக் காது எலும்பில் மாட்டுவார்கள். இவளுக்கு எலும்பு இல்லாததால் உள்காதின் சன்னல் மாதிரி இருக்கிற மெல்லிய சவ்வின் மேலேயே வைத்திருந்தார்கள்.

"வாசக்கதவு உளுத்துப்போச்சு, அதனால சன்னல்ல தட்டுறோம்" என்று மாளவிகா எழுதினாள். கெங்கம்மாவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. அவள் வீட்டு வாசல் கதவும் அந்த லட்சணம்தான்.

புண் ஆறி, வில்லையை மாட்டிச் சத்தத்தைத் திறந்துவிட்ட பிறகு வந்த ஐந்து மாதங்களைக் கெங்கம்மா ராணி மாதிரி வாழ்ந்தாள். அவளுடைய பிழைப்பே வாய்தான். வாய் இருந்து என்ன, எதிராளி சொன்னது காதில் விழுந்தால்தானே பதில் கொடுக்க முடியும்? பல வருஷமாக, யாரோ எதையோ சொல்லிவிட்டுச் சிரிக்க, தானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்திருந்தவள் அவள். செவிடு என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களுக்கெல்லாம் மீனைக் கழுவிக் கொடுத்தவள். அந்த ஐந்து மாதமும் ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் பதில் கிடைத்தது. "இன்னாக்கா, காத குடுத்துட்டு வாயையும் சேத்து மாட்டி வுட்டாங்களா?" என்று பாஞ்சாலியே கேட்டாள்.

அப்புறம்தான் சனி பிடித்தது. ஐப்பசி மழையோடு சத்தம் மங்க ஆரம்பித்தது. முதலில் தூரத்துப் பேச்சு போனது. பிறகு பக்கத்துப் பேச்சு, ஈரச் சாக்கைப் போட்டு மூடியது போலக் கேட்டது. கார்த்திகை முடிவதற்குள் கத்தினால்தான் ஏதோ கரகரத்தது. பேட்டரியை மாற்றினார்கள். மாளவிகா கணினியில் சத்தத்தை ஏற்றினாள். இரண்டு நாள் தாங்கியது, மறுபடியும் மங்கியது. ஸ்கேன் எடுத்ததில் துணுக்கு இருந்த இடத்தில் இருப்பது போலவும் தெரிந்தது, கொஞ்சம் நகர்ந்தது போலவும் தெரிந்தது.

போன வாரம் கல்யாணராமன் டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் டில்லிபாபுவைப் பார்த்துக் கால் மணி நேரம் பேசினார். கையை மடக்கிக் காட்டினார், விரலால் எதையோ கிழிப்பது போலக் காட்டினார், மேஜையில் இருந்த பிளாஸ்டிக் காதைத் திறந்து மூடினார். டில்லிபாபுவின் முகம் தொங்கிக்கொண்டே போனது. கெங்கம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் மகன் திரும்பி, காதுத் துளையில் வாயை வைத்து, கால் மணி நேரத்தை மூன்று சொல்லாகச் சுருக்கினான்.

"சின்ன ஆபரேசன். பயப்படாத."

"காது போயிடுமாடா? இது ஒண்ணுதான கீது எனக்கு?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். ஆட்டிய வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு யாரைக் கேட்பது? டாக்டர் நீட்டிய நாலு பக்கத் தாளில் முதல் இரண்டு வரியை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் நர்ஸ் மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். எரிச்சலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள். புதன்கிழமை நாள் குறித்தார்கள்.

மாளவிகாவுக்கு மட்டும் இதில் சமாதானம் இல்லை. பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் வேறொரு வில்லையை மாட்டிப் பார்த்துவிடலாம் என்பது அவள் கட்சி. கோளாறு உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துவிடும். ஆனால் சோதனை வில்லை கம்பெனியிடம் இருந்தது. கம்பெனிக்காரன் ஃபைசான் நாளைக்கு என்றான். நாளைக்குக் கேட்டால் கே.கே. நகர் கிளைக்குப் போயிருக்கிறது என்றான். கே.கே. நகரில் கேட்டால் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது, வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். டாக்டரோ, தியேட்டர் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருக்கிறது, ஒரு வில்லைக்காக நாளைத் தள்ளிப்போட முடியாது என்றார். இந்த ராமாயணத்தை டில்லிபாபு ஆளுக்கொரு சொல்லாகக் கத்தி அவளுக்குத் தெரிவித்தான். கெங்கம்மா கம்பெனியையும் கோயம்புத்தூரையும் ஒருசேரத் திட்டித் தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மனசு எவ்வளவு கெட்டுக் கிடந்தாலும் வெள்ளிக்கிழமை வேலை நிற்காது. வீட்டைக் கழுவி, தராசைக் கழுவி, மீன் கத்தியைக் கழுவி, ஐஸ் பெட்டியைத் துடைத்து, மகனின் ஆட்டோ முகப்பு வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் வைத்தாள். சோறு போடுகிற சாமானுக்குப் பொட்டு இல்லாமல் இருக்கலாமா? ஆயுத பூஜையிலிருந்து வில்லைக்கும் அந்த வரிசையில் இடம் கிடைத்திருந்தது. தராசைவிடப் பெரிய சாமான் அல்லவா அது. அதன் முகப்பில் பொட்டு வைப்பதற்கென்றே போட்டுவிட்டது போல இரண்டு குட்டிக் குழிகள் இருந்தன. மோதிர விரலால் குழிக்கு ஒன்றாக அழுத்தி வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், படித்தவர்கள் பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள் என்று முந்தானையை ஈரமாக்கி நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிடுவாள். கறுப்பு பளபளவென்று இருக்கும்.

இதோ இன்று செவ்வாய்க்கிழமை, அட்மிஷன். அதற்குத்தான் இந்த வராந்தாவில் நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நாளைக் காலை தலையைத் திறக்கப்போகிறார்கள். வலது பக்கம் ஏற்கெனவே இருட்டு. இடது பக்கத்தில் அந்தக் கரகரப்பும் போய்விட்டால் பாக்கி ஆயுளை எப்படி ஓட்டுவது? அழுதால் மகன் துளைக்குள் கத்திச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவானே என்று அடக்கிக்கொண்டாள்.

மாளவிகா அறைக் கதவைத் திறந்து கையைக் காட்டினாள். உள்ளே போனால் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி ஃபைசான் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு சின்ன டப்பா. கோயம்புத்தூர் சுற்றுப்பயணம் ஒருவழியாக முடிந்துவிட்டது போலும்.

மாளவிகா டப்பாவிலிருந்த வில்லையைக் கணினியோடு இணைத்து, கெங்கம்மாவின் அளவுகளை அதில் ஏற்றினாள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைத்தாள். காந்தம் டக்கென்று பிடித்துக்கொண்டது.

அந்த டக் கேட்டது. ஏ.சி. ஓடுவது கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள், அதுவும் கேட்டது. கெங்கம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மாளவிகா ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு, ரகசியம் பேசுகிற குரலில், "வஞ்சிரம் கிலோ என்ன விலை?" என்று கேட்டாள்.

"சொன்னா வாங்கவா போற? நீ கொயம்பக்கூட தொட மாட்டேன்னு சொன்ன ஆளு."

ஃபைசான் சிரித்துவிட்டான். டில்லிபாபு சுவரில் சாய்ந்துகொண்டான். மாளவிகா சிரிக்கவில்லை. பழைய வில்லையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு ஊசியை எடுத்து, முகப்பிலிருந்த குழி ஒன்றுக்குள் விட்டு நெம்பினாள். காய்ந்த பொருக்கு ஒன்று மேஜையில் விழுந்தது. பாதி மஞ்சள், பாதி சிவப்பு. அவள் அதை முகர்ந்து பார்த்தாள்.

"கெங்கம்மா, இது சந்தனமா?"

"ஆமா. மேல குங்குமம்."

"எதுக்கு?"

"எதுக்கா? வெள்ளிக்கெயமைக்கித்தான்."

மாளவிகா ஊசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "மைக் அதும்மா. அந்த ரெண்டு ஓட்டைதான் மைக். மூணு மாசமா அதுல வாராவாரம் சந்தனம் வச்சு அடைச்சு, ஈரத்துணியால தேய்ச்சு உள்ள தள்ளிருக்கீங்க. நான் அந்தக் கம்பெனிக்கு எத்தனை போன் பண்ணேன் தெரியுமா? நாளைக்குக் காலைல உங்க காதைப் பிரிச்சிருப்பாங்க."

கெங்கம்மாவுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாளும் மழையைத் திட்டியிருந்தாள், கம்பெனியைத் திட்டியிருந்தாள், பெற்ற பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள். எல்லாம் தன் மோதிர விரல் செய்த வேலை. ஆனாலும் மூன்று பேர் முன்னால் குனிந்த தலையோடு உட்கார்ந்திருப்பது அவள் பரம்பரையிலேயே இல்லை.

"இந்தா, கண்ணு. இத குடுக்கறப்ப எத்தினி கூடாது சொன்ன நீ? தலைக்கு ஊத்தறப்ப கூடாது, எண்ண கூடாது, ஐஸ் பெட்டி மேல கூடாது, பேரன் கைல கூடாது. அல்லாத்தையும் கேட்டுக்கினேன்ல? பொட்டு வெக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

மாளவிகா முகத்திலிருந்து கையை எடுத்தாள். "சொல்லலை" என்றாள்.

"அப்ப எயுதிக்க. அடுத்தாப்புல வர்றவளாவது பொயச்சிப்பா."

ஃபைசான் நிஜமாகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் கல்யாணராமன் டாக்டர் வேகமாக உள்ளே வந்தார். மாளவிகா பொருக்கைக் காட்டிச் சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு பழக்கதோஷம், கெங்கம்மாவைத் தாண்டி டில்லிபாபுவிடம் போய் நின்றார். அவள் அங்கே ஒரு நாற்காலி மாதிரி இருந்தாள்.

"பிழைச்சோம்ப்பா" என்றார் சாதாரணக் குரலில். "உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன் இல்லையா, துணுக்கை எடுத்துத் திரும்ப வைக்கிறப்ப அந்தச் சவ்வு கிழிஞ்சா மிச்சம் இருக்கிற கேட்கிற சக்தியும் மொத்தமா போயிடும்னு. அப்புறம் எந்த மெஷினும் ஒண்ணும் பண்ண முடியாது. அவங்களுக்கு எலும்பு வேற அரிச்சுப்போன காது, எனக்கே பயம்தான். எல்லாம் தெரிஞ்சும் உங்கம்மா சரின்னு கையெழுத்துப் போட்டாங்களே, ரொம்பத் தைரியம் அவங்களுக்கு. தியேட்டர்ல கேன்சல் சொல்லிடறேன்."

அவர் போய்விட்டார். டில்லிபாபு அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாளவிகா ஏதோ புரிந்தவளாக, ஃபைசானைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒரு சொல் விடாமல் கெங்கம்மாவுக்குக் கேட்டிருந்தது. சந்தேகப்பட்டது வேறு, அதை ஒருவர் வாயால் நின்று நிதானமாகக் கேட்பது வேறு என்று அப்போது தெரிந்தது.

"இங்க வா. எதிர்ல குந்து."

அவன் வந்தான். வந்தவன் நேரே காதுத் துளையை நோக்கிக் குனிந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து எதிர் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"கேக்குதுடா. பேசு. அன்னிக்கு டாக்டரு இதத்தான் சொன்னாரா?"

"ஆமாம்மா."

"நான் காது போயிடுமான்னு கேட்டேன். நீ இல்லன்னு தலைய ஆட்டின."

டில்லிபாபு வாயைத் திறந்தான். சத்தம் மங்கியதிலிருந்து அவன் கத்தாமல் பேசி அவள் கேட்கவே இல்லை. குரல் அவள் நினைத்திருந்ததைவிடத் தழைந்திருந்தது, அடியில் கொஞ்சம் உடைந்திருந்தது.

"எப்டிம்மா சொல்றது? மெதுவா சொன்னா உனக்குக் கேக்காது. வெளில அத்தினி பேரு குந்திகினு கீறாங்க. அவங்க முன்னாடி, நீ மொத்தமா செவிடாயிடுவ, பயமா கீது எனக்குன்னு, உன் காதுல வாய வெச்சி எப்டி கத்துவேன்? வூட்டுல கத்தினா தெருவுக்கே கேக்கும். ரெண்டு தபா வாய தொறந்தேன். வரல. அப்டியே செய்யலன்னா இருக்கறதும் போயிடுமேன்னு வேற பயம். அதான் சின்ன ஆபரேசன்னு கத்தினேன். அதுதான் கத்த முடிஞ்சுது."

கெங்கம்மா அவனை அறையலாம் என்றுதான் கையை எடுத்தாள். கை அவன் தோளில் போய் நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் தனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் கத்தக்கூடிய விஷயங்கள் மட்டும்தான் என்பது அவளுக்கு உறைத்தது. சோறு ஆச்சு, மீன் வந்துச்சு, நம்பர் வந்துச்சு. மெதுவாகச் சொல்ல வேண்டியது எதுவும் வரவில்லை. புருஷன் சாவதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதும் வரவில்லை. அவன் நல்லாயிடுவான் என்றுதான் அவளிடம் கத்தினார்கள். நம்பி மீன் விற்கப் போனாள்.

"டேய்" என்றாள். "ஓட்டைல கத்தாத, கத்தாதன்னு உன்ன எத்தினி தபா திட்டிகீறேன்."

அவன் தலையசைத்தான்.

"இத மட்டும் கத்தியிருக்கணும்டா. ஊரே திரும்பிப் பாத்தா பாக்கட்டும். என் காதுடா அது. கத்தியிருக்கணும்."